ஆயில் ஃபர்னஸ்: பொருத்துவதிலிருந்து முதல் தீ வரை

குளிர் நாட்டில் பழைய வீடு வாங்குகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள். பேஸ்மென்டில் நிற்கும் இரும்புப் பெட்டியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முதல் குளிர் இறங்கும்போதுதான் அதன் நினைவு வரும். அந்தப் பெட்டி எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஆயில் ஃபர்னஸாக இருந்து, அதை மாற்ற வேண்டிய நிலையும் வந்துவிட்டால், என்னென்ன வேலை நடக்கும், எந்த வரிசையில் நடக்கும், எதில் கண்ணாக இருக்க வேண்டும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்காரர்களுக்காகவும், இந்தத் தொழிலில் இப்போதுதான் உதவியாளாகச் சேர்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆயில் பர்னரை, அதாவது ஃபர்னஸில் எண்ணெயை எரிக்கும் பகுதியைப் பொருத்தவும் தீ மூட்டவும் பெரும்பாலான இடங்களில் உரிமம் வேண்டும். கனடாவில் சிஎஸ்ஏ பி139, அமெரிக்காவில் என்எஃப்பிஏ 31 என்ற விதித்தொகுப்புகளின்படிதான் வேலை நடக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் செய்த வேலைக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம், எண்ணெய் லாரிக்காரர் டேங்கை நிரப்ப மறுக்கலாம். ஆகவே இதைப் படித்த கையோடு ஸ்பானரை எடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, சரியான கேள்விகளைக் கேளுங்கள். நல்ல தொழிலாளி கேள்விகளைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

அறையின் வெப்பநிலையைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் பர்னரின் மோட்டார் சுழலும். ஒரே மோட்டார்தான் காற்று விசிறியையும் எண்ணெய் பம்பையும் ஓட்டுகிறது. பம்ப் எண்ணெயைக் குறைந்தது 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு) அழுத்தத்துக்கு ஏற்றி நாசிலுக்கு அனுப்புகிறது. இப்போதைய பர்னர்களில் 140, 150 பிஎஸ்ஐ வரை போகும். நாசிலின் மயிரிழைத் துளை வழியாக எண்ணெய் பனிமூட்டம் போலச் சிதறி வருகிறது. அதற்குச் சற்று முன்னால் இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே 10,000 வோல்ட்டுக்குக் குறையாத மின்பொறி பாய்கிறது. பொறி, எண்ணெய்த் துளி, காற்று மூன்றும் சேர்ந்தால் தீ.

அந்தத் தீ எரியும் அறைக்கு வெளியே ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற இரும்புச் சுவர் இருக்கிறது. உள்ளே புகை, வெளியே வீட்டுக் காற்று. இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. பெரிய விசிறி அந்தச் சுவரின் மேல் காற்றை ஓட்டி, டக்ட் என்ற காற்றுக் குழாய் வழியாக அறைகளுக்கு அனுப்புகிறது. புகை சிம்னிக்குப் போகிறது. தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது கேட் செல் என்ற சிறிய ஒளி உணரி. வெளிச்சம் தெரியாவிட்டால் அது பர்னரை இயக்கும் கண்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும், கண்ட்ரோல் பர்னரை நிறுத்திவிடும். இந்தக் கட்டுரையில் பிற்பாடு கேட் செல் மறுபடியும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரியது வேண்டும்

பழைய பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் புதியதை வாங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தப் பழைய பெட்டி வந்த காலத்தில் வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இருந்திருக்காது, பரணில் வெப்பக் காப்பும் இருந்திருக்காது. வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று அறை அறையாகக் கணக்குப் போட்டுத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். தேவைக்கு மேல் பெரிய ஃபர்னஸ் சில நிமிடம் எரிந்து அணையும், திரும்ப எரியும், திரும்ப அணையும். ஒவ்வொரு தொடக்கத்திலும் சிறிது புகைக்கரி படியும், சிம்னி சூடேற நேரமே கிடைக்காது. எண்ணெயும் வீண், பெட்டியின் ஆயுளும் குறையும். கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காகிதத்திலோ திரையிலோ ஒரு கணக்கு இல்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்பது உத்தமம்.

இடமும் காற்றும்

ஒரு லிட்டர் எண்ணெய் முழுதாக எரிய 10 கன மீட்டருக்கும் மேல் காற்று வேண்டும். அந்தக் காற்று எங்கிருந்து வரும்? ஃபர்னஸை ஒரு சின்ன அறைக்குள் அடைத்து, கதவையும் இறுக்கிச் சாத்திவிட்டால் காற்று சிம்னி வழியாகவே கீழே இறங்கும், புகையும் கூடவே வரும். ஃபர்னஸின் திறனை மணிக்கு இத்தனை பிடியூ என்ற வெப்ப அலகில் சொல்வார்கள்; 1,000 பிடியூ திறனுக்கு 50 கன அடி இடம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 1,00,000 பிடியூ ஃபர்னஸ் என்றால் 5,000 கன அடி, அதாவது சுமார் 140 கன மீட்டர். அதைவிடச் சிறிய அறையென்றால் வீட்டின் மற்ற பகுதிகளுக்குத் திறக்கும் இரண்டு காற்று வழிகள் வேண்டும்: ஒன்று மேலே கூரையையொட்டி, ஒன்று கீழே தரையையொட்டி, ஒவ்வொன்றும் இதே ஃபர்னஸுக்கு 100 சதுர அங்குலம். நன்றாக அடைத்துக் கட்டப்பட்ட வீடுகளில் வெளியிலிருந்து நேராகக் காற்று கொண்டுவருவதுதான் நம்பகமானது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். வீட்டுக் காற்றை ஃபர்னஸுக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் டக்டில், ஃபர்னஸ் இருக்கும் அறைக்குள் எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது. விசிறி ஓடும்போது அந்த ஓட்டை அறைக் காற்றை உறிஞ்சும். அறையில் காற்றழுத்தம் குறைந்தால் சிம்னியில் மேலே போக வேண்டிய புகை வீட்டுக்குள் திரும்பும். டக்ட் இணைப்புகளை மாஸ்டிக் பூசியோ உலோக டேப் ஒட்டியோ அடைத்தார்களா என்று கையால் தடவிப் பாருங்கள். துணி டேப் வெப்பத்தில் சில வருடங்களில் உரிந்துவிடும்.

சிம்னி

புதிய ஃபர்னஸின் புகை பழையதைவிடக் குளிர்ந்து வரும், ஏனென்றால் வெப்பத்தை அது வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் குளிர்ந்த புகை அகலமான பழைய செங்கல் சிம்னியில் மெதுவாக ஏறும்போது அதிலுள்ள ஈரம் சுவரில் படிந்து, எண்ணெயிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, சாந்தை அரிக்கும். அதனால்தான் ஃபர்னஸை மாற்றும்போது சிம்னிக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கச் சொல்வார்கள். வேண்டாத செலவு என்று தோன்றும். தட்டிக்கழிக்காதீர்கள்.

ஃபர்னஸிலிருந்து சிம்னி வரை போகும் புகைக்குழாய் ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலம் என்ற கணக்கில் மேல்நோக்கியே ஏற வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகு. ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் மரம், பலகை போன்ற எரியும் பொருள்களிலிருந்து பொதுவாக 18 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும்; கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் முடிவு. குழாயில் ஆடிக்கொண்டிருக்கும் வட்டக் கதவுக்கு பேரோமெட்ரிக் டேம்பர் என்று பெயர். காற்று பலமாக அடிக்கும் நாளில் சிம்னி அளவுக்கு மீறி இழுக்காமல் அதுதான் பார்த்துக்கொள்கிறது. அதன் அச்சு சரியான மட்டத்தில் இல்லாவிட்டால் அது இருந்தும் பயனில்லை. ரசமட்டம் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

டேங்கும் எண்ணெய்க் குழாயும்

ஃபர்னஸ் வேலையில் மிக அதிகத் தொல்லை தரும் பகுதி இதுதான். 275 காலன் டேங்க் நிறைந்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் எண்ணெய், டேங்கின் எடையும் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். மண்ணின் மேலோ மரப்பலகையின் மேலோ அதை நிறுத்தக் கூடாது. திடமான கான்கிரீட் தளம் வேண்டும், கால்கள் அசையக் கூடாது. கட்டடத்துக்குள் வைத்தால் பர்னரின் தீயிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி வைக்க வேண்டும்.

டேங்கிலிருந்து இரண்டு குழாய்கள் வீட்டுக்கு வெளியே போகும். ஒன்று எண்ணெய் ஊற்ற, மற்றொன்று காற்று வெளியேற. காற்றுக் குழாயின் அடியில் ஒரு விசில் இருக்கும். எண்ணெய் ஏற ஏற, வெளியேறும் காற்றில் அது ஊதிக்கொண்டே இருக்கும். எண்ணெய் நிறைந்ததும் விசில் நிற்கும், லாரிக்காரர் உடனே நிறுத்துவார். ஊற்றத் தொடங்கியும் விசில் கேட்கவில்லை என்றால் அவர் ஊற்றவே கூடாது. அந்தக் காற்றுக் குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா, பனி மூடியிருக்கிறதா என்று பருவத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

பழைய டேங்கை எடுத்துவிட்டால், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் ஊற்றுக் குழாயையும் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். மூடி போட்டு வைத்தால் போதாது. டேங்க் இல்லாத வீட்டில், வெளியே குழாய் மட்டும் இருப்பதைப் பார்த்து லாரிக்காரர் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெயை பேஸ்மென்ட் தரையில் கொட்டிய சம்பவங்கள் நிஜமாகவே நடந்திருக்கின்றன. அப்படி ஊறிய எண்ணெயின் வாடை வீட்டை விட்டுப் போவது லேசில் இல்லை.

டேங்கிலிருந்து பர்னருக்கு வரும் குழாய் பெரும்பாலும் 3/8 அங்குல காப்பர். இணைப்புகள் ஃபிளேர் முறையில் இருக்க வேண்டும், அதாவது குழாயின் வாயைப் புனல்போல விரித்து நட்டால் இறுக்குவது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரஷன் இணைப்பு இங்கே ஆகாது. டெஃப்லான் டேப்பும் வேண்டாம். அதன் துணுக்கு ஒன்று பம்புக்குள் போனால் போதும், வால்வு சரியாக மூடாமல் போகும். எண்ணெய்க்கென்றே விற்கும் பசையைத்தான் திருகுகளில் தடவ வேண்டும். குழாய் கான்கிரீட்டுக்குள் போகிறது என்றால் அதற்கு மேலுறை கட்டாயம். கான்கிரீட் காப்பரை அரித்துவிடும், கசிவு வருடக்கணக்கில் வெளியே தெரியாமலேயே நடக்கும்.

டேங்கிலிருந்து வெளியே வரும் இடத்திலும் பர்னருக்கு முன்பும் தீ வால்வு வேண்டும். பக்கத்தில் தீப்பிடித்தால் சுமார் 74 டிகிரி செல்சியஸில் அதன் உருகும் பகுதி இளகி, வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். பிறகு எண்ணெய் ஃபில்டர்.

ஒரு குழாயா, இரண்டு குழாயா என்ற கேள்வி வரும். டேங்கின் அடி பர்னரைவிட உயரத்தில் இருந்தால் எண்ணெய் தன் எடையிலேயே இறங்கிவரும், ஒரு குழாய் போதும். டேங்க் பர்னருக்குக் கீழே, பூமிக்கடியில் இருந்தால் எண்ணெயை மேலே உறிஞ்ச வேண்டும். அப்போது மிஞ்சிய எண்ணெயும் காற்றும் திரும்பிப் போக இன்னொரு குழாய் போடுவது வழக்கம். இரண்டு குழாய் போட்டால் பம்புக்குள் பைபாஸ் பிளக் என்ற சின்னத் திருகைப் போட வேண்டும். ஒரு குழாய்க்கு அதைப் போடவே கூடாது. போட்டால் திரும்பிப் போக வழியில்லாத எண்ணெய் பம்பின் சீலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். தொழிலுக்குப் புதியவர்கள் இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவில் இரண்டு வகை உண்டு. டேங்க் உயரத்தில் இருந்தால் எண்ணெய் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் கசிந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இணைப்பு காய்ந்திருக்கும், ஆனால் தீ நடுங்கும், அணையும், வாடை வரும். காரணம் தெரியாமல் அடிக்கடி அணையும் பர்னரில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

நாசிலும் மின்சாரமும்

நாசிலின் மேல் மூன்று தகவல்கள் பொறித்திருக்கும். உதாரணமாக 0.65, 80 டிகிரி, பி. மணிக்கு 0.65 அமெரிக்க காலன், சிதறும் கோணம் 80 டிகிரி, சிதறல் உள்ளீடற்றதாக இல்லாமல் நிறைந்திருக்கும் என்று பொருள். அந்த 0.65 என்பது 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கான கணக்கு. பம்பை 140 பிஎஸ்ஐக்கு வைத்தால் அதே நாசில் சுமார் 0.77 காலன் விடும். இந்தக் கணக்கைக் கவனிக்காமல், கையில் கிடைத்த நாசிலைப் போட்டுவிட்டுப் போனால் தீ பெரிதாகி அறைச் சுவரில் மோதும், கரி படியும். ஃபர்னஸ் கையேட்டில் எந்த நாசில், எந்த அழுத்தம், எலெக்ட்ரோடு இடைவெளி எவ்வளவு என்று அட்டவணை இருக்கும். அதில் உள்ளதைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது. நாசிலின் துளையை விரலால் தொடவும் கூடாது. விரல் அழுக்கே அதை அடைக்கப் போதும்.

மின்சாரத்தில் அதிகம் சொல்ல இல்லை. ஃபர்னஸுக்கென்று தனி சர்க்யூட், பக்கத்தில் ஒரு சுவிட்ச், பேஸ்மென்ட் படியின் மேலே சிவப்புத் தகடு போட்ட அவசர சுவிட்ச். அந்தச் சிவப்பு சுவிட்ச் எங்கே இருக்கிறது, எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும்கூடக் காட்டிவையுங்கள். லைட் சுவிட்ச் என்று நினைத்து யாராவது அணைத்துவிட்டு, ஃபர்னஸ் கெட்டுப்போனதாக நள்ளிரவில் ஆள் கூப்பிடுவதும் நடக்கும். ஆகவே வெப்பம் வரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

முதல் தீ

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. சுவிட்சைத் தொடுவதற்கு முன் எரியும் அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் தேங்கியிருந்தாலோ, எண்ணெய் ஆவி நிறைந்திருந்தாலோ, அறை பழுக்கச் சூடாக இருந்தாலோ பர்னரைத் தொடங்கக் கூடாது. இது பர்னர்களிலேயே ஒட்டியிருக்கும் எச்சரிக்கை. ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், சாப்பிடும் பொருள்களைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். அப்புறம் வரிசை இதுதான்:

1. டேங்கில் முதலில் கொஞ்சம் எண்ணெய் மட்டும் ஊற்றி, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் இல்லை என்றால் வால்வுகளைத் திறக்கலாம்.

2. பம்பின் ஓரத்தில் காற்று வெளியேற்றும் சின்ன முனை இருக்கும். அதில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு டப்பாவுக்குள் விடுங்கள். முனையை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

3. மின்சாரத்தைக் கொடுத்து, தெர்மோஸ்டாட்டை ஏற்றுங்கள். மோட்டார் சுழலும், குழாயில் முதலில் நுரை வரும், பிறகு குமிழிகள், பிறகு குமிழியே இல்லாத சிவந்த எண்ணெய். இந்த நேரத்தில் எண்ணெய் டப்பாவுக்குள்தான் போகிறது, எரியும் அறைக்குள் போகவில்லை. அதனால் கண்ட்ரோல் நேரம் முடிந்து பர்னரை நிறுத்தினால், கையேடு சொல்கிற இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கலாம். அவசரப்பட வேண்டாம். பாதி குமிழியோடு மூடினால் பிறகு நாசிலில் சொட்டும்.

4. எண்ணெய் கம்பிபோல வரத் தொடங்கியதும் முனையை மூடுங்கள். சில நொடிகளில் தீ பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது மென்மையான ஒரு சத்தம்தான் வர வேண்டும். தடால் என்று கேட்டால் தீ தாமதமாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி எலெக்ட்ரோடுகளையும் நாசிலையும் பாருங்கள்.

5. தீ மஞ்சள் நிறத்தில் நிதானமாக, நுனியில் கரும்புகை இல்லாமல், அறைச் சுவரைத் தொடாமல் எரிகிறதா என்று பாருங்கள். அப்படியே 15 நிமிடம் எரியட்டும்.

முதல் தடவை எரியும்போது லேசான புகையும் வாடையும் வரும். புதுத் தகட்டில் பூசிய எண்ணெயும், எரியும் அறையின் உட்சுவரில் வெப்பம் தாங்கப் பதித்திருக்கும் நார்த்தகட்டிலுள்ள பசையும் எரிவதுதான் அது. ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். அதற்குப் பிறகும் வாடை இருந்தால் அது வேறு விஷயம், கட்டாயம் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று: அந்த நார்த்தகடு ஒரு தடவை சூடானால் பொருபொருவென்று ஆகிவிடும். விரலால் குத்தாதீர்கள், வாக்கும் கிளீனரை அதன்மேல் காட்டாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் போட்டுத்தான் பக்கத்தில் போக வேண்டும்.

கண்ணால் பார்த்தால் போதாது

பொருத்தியவர் தீ எரிவதைப் பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினால் வேலை பாதியில்தான் நிற்கிறது. கண்ணுக்கு அழகாகத் தெரியும் தீ மோசமாக எரிந்துகொண்டிருக்கலாம். அளவிடும் கருவிகள் இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த ஒரு கட்டத்தைத்தான் நேரமில்லை என்று அதிகம் தவிர்க்கிறார்கள்.

முதலில் சிம்னி இழுக்கும் பலம். எரியும் அறையில் பெரும்பாலும் மைனஸ் 0.01 முதல் மைனஸ் 0.02 அங்குல நீரழுத்தம் வரை இருக்க வேண்டும். டேம்பரின் எடையை நகர்த்தி இதைச் சரிசெய்வார்கள். இழுப்பு சரியான பிறகுதான் காற்று. வரிசை மாறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது புகைச் சோதனை. ஃபர்னஸுக்கும் டேம்பருக்கும் நடுவே குழாயில் ஒரு சின்னத் துளை போட்டு, கைப்பம்பால் 10 தடவை புகையை வெள்ளைத் தாள் வழியாக இழுப்பார்கள். தாளில் விழும் கறையை 0 முதல் 9 வரை உள்ள அட்டையோடு ஒப்பிடுவார்கள். இதில் கெட்டிக்காரத்தனமான ஒரு முறை உண்டு. காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தாளில் மிக லேசான கறை வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது புகையில் கார்பன் டைஆக்சைடு எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். 13.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு காற்றைத் திறந்து அதை ஒன்றரை சதவீதம்வரை குறைத்து 12க்குக் கொண்டுவர வேண்டும். இப்போது புகைச் சோதனை சுத்தமாக 0 காட்டும்.

ஏன் அந்தக் கூடுதல் காற்று? இன்றைக்கு எல்லாம் புதுசு. ஆறு மாதத்தில் விசிறியின் இதழ்களில் தூசி படியும். கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி, துளிகள் பெரிதாகும். அன்றைக்கும் கரி படியாமல் எரிய வேண்டுமே, அதற்கான இருப்புதான் இது. இன்றைய அளவுக்கு இறுக்கிப் பிடித்து வைத்த பர்னர் நடுக்குளிர்காலத்தில் கரி கக்கும்.

புகையில் கார்பன் மோனாக்சைடு 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருப்பது நல்லது, 100ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். புகையின் வெப்பநிலை கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். மிக அதிகமென்றால் வெப்பம் சிம்னி வழியாகப் போகிறது, மிகக் குறைவென்றால் சிம்னியில் ஈரம் படியும்.

வீட்டுக் காற்றின் பக்கமும் ஒரு அளவு இருக்கிறது. ரிட்டர்னில் ஒரு தெர்மாமீட்டர், அறைகளுக்குப் போகும் டக்டில் ஒரு தெர்மாமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஃபர்னஸின் தகட்டில் அச்சிட்ட எல்லைக்குள் வர வேண்டும். அதிகமாக இருந்தால் காற்று போதவில்லை. விசிறியின் வேகத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் டக்ட் சிறியது.

கடைசியாக, காவல் காக்கும் கருவிகளுக்கும் ஒரு பரீட்சை. பர்னர் எரியும்போது எண்ணெய் வால்வை மூடினால், தீ அணைந்து, திரும்பப் பிடிக்க முயன்று, கண்ட்ரோலின் நேரத்துக்குள் பூட்டிக்கொள்ள, அதாவது மேற்கொண்டு தானாகத் தொடங்காமல் நின்றுவிட வேண்டும். அந்த நேரம் மாடலைப் பொறுத்து 15, 30 அல்லது 45 நொடி. கேட் செல்லின் கம்பியை எடுத்துவிட்டுத் தொடங்கினாலும் அப்படியே பூட்டிக்கொள்ள வேண்டும். பெரிய விசிறியை நிறுத்திவிட்டு பர்னரை மட்டும் ஓடவிட்டால், சில நிமிடங்களில், சூடு எல்லை மீறும்போது துண்டிக்கும் லிமிட் சுவிட்ச் அதை நிறுத்த வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலை. உங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது விழித்திருக்கப் போவது இந்த மூன்றும்தான்.

சிவப்புப் பொத்தான்

பர்னரின் மேல் ஒரு பொத்தான் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு. ரீசெட். தீ பிடிக்காமல் கண்ட்ரோல் பூட்டிக்கொண்டால், அதை அமுக்கினால் மீண்டும் முயலும். வீட்டுக்காரர்கள் செய்யும் மிக ஆபத்தான காரியம் இந்தப் பொத்தானில்தான் நடக்கிறது.

ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் பம்ப் எண்ணெயைத் தெளிக்கிறது. பொறி வரவில்லை என்றால் அந்த எண்ணெய் எரியாமல் அறைக்குள் விழுகிறது. குளிரில் நடுங்கிக்கொண்டு, இந்தத் தடவை பிடித்துவிடும் என்று நம்பி ஐந்தாறு தடவை அமுக்கினால், அறையின் நார்த்தகடு எண்ணெயில் ஊறி நிற்கும். ஏழாவது தடவை பொறி வந்துவிட்டால், தேங்கிய எண்ணெயும் ஆவியும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். புகைக்குழாய் கழன்று விழலாம். டக்ட் வழியாகக் கரி வீடெங்கும் பரவி, சுவர், துணி, படுக்கை எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். அதைவிட மோசமாகத் தீயும் பரவலாம்.

ஆகவே ஒரே ஒரு தடவை. அதற்கு முன் டேங்கில் எண்ணெய் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, சிவப்பு சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை அமுக்கியும் பிடிக்கவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் எத்தனை தடவை அமுக்கினீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால், உள்ளே எண்ணெய் தேங்கியிருப்பது தெரியாமல் அவர் தீ மூட்டுவார். இப்போதைய கண்ட்ரோல்கள் தொடர்ந்து மூன்று தடவை தோற்றால் தாமாகவே கடுமையாகப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் வித்தையை இணையத்தில் தேடாதீர்கள். அது பழகியவருக்கானது.

பிறகு வரும் நாட்கள்

காற்று ஃபில்டரை முதல் குளிர்காலத்தில் மாதம் ஒரு தடவை பாருங்கள், புது டக்ட் வேலையின் தூசி அதில்தான் வந்து சேரும். எண்ணெய் ஃபில்டர், நாசில், பம்பின் வடிகட்டி மூன்றையும் வருடத்துக்கு ஒரு தடவை குளிருக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். கோடையில் டேங்கை நிறைத்தே வையுங்கள். வெறும் டேங்கின் உள்சுவரில் ஈரம் படிந்து, தண்ணீர் அடியில் சேர்ந்து, இரும்பை உள்ளிருந்து அரிக்கும். டேங்க் வெளியே இருந்தால், மைனஸ் 10 டிகிரி வாக்கில் சாதாரண எண்ணெயில் மெழுகு உருவாகிக் குழாயை அடைக்கக்கூடும். குளிர்காலத்துக்கான கலவையைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் ஊற்றும்போது ஃபர்னஸை நிறுத்திவைத்து, அடியில் கலங்கிய கசடு படியக் கொஞ்ச நேரம் விட்டு ஓட்டுவது நல்லது. எந்த நெருக்கடியிலும் பெட்ரோலை டேங்கில் ஊற்றாதீர்கள். ஒரு கப் அளவுகூட வேண்டாம்.

பொருத்தியவர் கிளம்புவதற்கு முன் ஒரு அட்டையில் தேதி, நாசிலின் அளவு, பம்ப் அழுத்தம், இழுப்பு, புகை எண், கார்பன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, புகையின் வெப்பநிலை எல்லாவற்றையும் எழுதி ஃபர்னஸின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் வருபவர் புதிய அளவுகளை அந்த எண்களோடு வைத்துத்தான் பார்ப்பார். கார்பன் மோனாக்சைடு 20லிருந்து 80க்கு ஏறியிருந்தால், வீட்டில் யாருக்கும் தலைவலி வருவதற்கு முன்பே அந்த அட்டையிலிருந்து அவருக்குத் தெரிந்துவிடும்.